ஓடைக் கல்லைப் புரட்டினால் தண்ணீரின் தரம் தெரியுமா?

மலையடிவாரப் பள்ளி ஆசிரியர் ஒருவர் கேட்டது இது. பள்ளிக்குப் பின்னால் ஒரு ஓடை, தண்ணீர் கண்ணாடி மாதிரித் தெளிவாக இருக்கிறது. லேபில் கொடுத்துப் பார்த்ததில் பி.எச். (அமில, காரத்தன்மை), டி.டி.எஸ். (கரைந்திருக்கும் உப்புகளின் அளவு), கரைந்த ஆக்சிஜன், பி.ஓ.டி. (கழிவை மக்கவைக்க பாக்டீரியாக்களுக்குத் தேவைப்படும் ஆக்சிஜன்) எல்லாமே சரியான அளவில்தான் வந்திருக்கின்றன. ஆனால் "முன்னாடி கல்லைத் தூக்கினா அடியில பூச்சி அப்பிக்கிட்டு இருக்கும், இப்ப ஒன்னும் இல்ல" என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்கிறார்கள். யார் சொல்வது சரி? பூச்சிகளை வைத்துத் தண்ணீரின் தரத்தைச் சொல்ல முடியுமா? எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்து அதைச் செய்ய முடியுமா?

முடியும், பிள்ளைகளை வைத்தே செய்ய முடியும். அதற்கு முன்னால், பெரியவர்கள் சொன்னதை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். லேப் அறிக்கை சரியாக இருக்கும்போதே ஓடையின் அடியில் உயிர் இல்லாமல் போவது நடக்கக்கூடியதுதான். பாட்டிலில் தண்ணீர் பிடித்தது செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி என்றால் அந்த அறிக்கை அந்தப் பத்து மணித் தண்ணீரைப் பற்றி மட்டும்தான் பேசும். ஞாயிற்றுக்கிழமை இரவு மேலே யாரோ எதையோ கொட்டியிருந்தால் அது திங்கட்கிழமையே அடித்துக்கொண்டு போயிருக்கும். ஆனால் கல்லுக்கு அடியில் வாழ்கிற பூச்சிக்கு ஞாயிறும் உண்டு, திங்களும் உண்டு. அது வாரக்கணக்காக அங்கேயே கிடந்து, அந்த வழியாகப் போன ஒவ்வொரு சொட்டுத் தண்ணீரையும் தன் செவுளால் தொட்டுக்கொண்டிருந்த உயிர். மீன் தண்ணீர் சரியில்லை என்றால் நீந்தி ஒதுங்கிக்கொள்ளும், வேறு கிளையோடைக்குப் போய்விடும். கல்லின் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் சின்னப் புழுவுக்கு அந்த வசதி கிடையாது, தாங்கினால் இருக்கும், தாங்காவிட்டால் செத்துப்போகும் அல்லது பிடியை விட்டு நீரோட்டத்தோடு போய்விடும். அடித்தளத்தில் வாழும் இந்த முதுகெலும்பில்லாத உயிர்களை உலகம் முழுக்க ஆற்றின் ஆரோக்கியத்தைப் பார்க்கப் பயன்படுத்துவதற்கு முதல் காரணமே இதுதான். கண்ணால் பார்க்கிற அளவில் இருக்கின்றன, ஒரு வலையும் ஒரு தட்டும் இருந்தால் பிடித்துவிடலாம் என்பதெல்லாம் அடுத்த காரணங்கள்.

சரி, யார் யார் அங்கே இருக்கிறார்கள்?

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியவை, இளம்பருவத்தைத் தண்ணீரில் கழிக்கிற மூன்று பூச்சிக் கூட்டங்கள்: மேஃப்ளை, ஸ்டோன்ஃப்ளை, கேடிஸ்ஃப்ளை. சுத்தமான மலையோடையின் அடையாளம் என்று பொதுவாகச் சொல்லப்படுபவை இவைதான், இவற்றின் அறிவியல் பெயர்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து ஈ.பி.டி. என்று சுருக்கிச் சொல்வார்கள். மேஃப்ளையின் இளம்பருவத்துக்கு வாலில் பெரும்பாலும் மூன்று நூல்கள் இருக்கும், சிலவற்றுக்கு இரண்டு. வயிற்றின் இரண்டு பக்கமும் இலை இலையாகச் செவுள்கள். தட்டில் தண்ணீர் ஊற்றி விட்டால் அந்தச் செவுள்கள் படபடவென்று அடித்துக்கொள்வதை லென்ஸ் இல்லாமலே பார்க்கலாம். இதில் ஒரு குடும்பம் உடம்பே சப்பையாக, கண்கள் தலையின் மேல்பக்கம் இருக்கும்படி, கல்லோடு கல்லாக ஒட்டிக்கொண்டு பல்லி மாதிரிப் பக்கவாட்டில் ஓடும். ஹெப்டஜீனிடே என்று பெயர், நான் தட்டை மேஃப்ளை என்றே சொல்லிக்கொடுப்பேன், பிள்ளைகள் மறக்கமாட்டார்கள். இன்னொரு குடும்பமான பீடிடே மீன்குஞ்சு மாதிரி ஒல்லியாக இருந்து விருட் விருட்டென்று நீந்தும். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிவது முக்கியம், ஏன் என்று கீழே வரும்.

ஸ்டோன்ஃப்ளைக்கு வாலில் இரண்டே நூல்கள், எப்போதும் இரண்டுதான். செவுள்கள் இருந்தால் மார்புப் பக்கம், கால்களின் அடியில் குஞ்சம் மாதிரி இருக்கும். இரண்டு வால் உள்ள மேஃப்ளையோடு குழப்பம் வந்தால் பாதத்தைப் பாருங்கள்: மேஃப்ளைக்கு ஒவ்வொரு காலிலும் ஒரு நகம், ஸ்டோன்ஃப்ளைக்கு இரண்டு. இந்த ஒரு அடையாளம் போதும். ஆக்சிஜன் குறைந்த தண்ணீரில் விட்டால் ஸ்டோன்ஃப்ளை தண்டால் எடுப்பது போல உடம்பை ஏற்றி இறக்கும், செவுளின் மேல் தண்ணீர் நகர வேண்டுமே என்று. ஓடுகிற தண்ணீரில் அந்த வேலையை ஓடையே செய்துகொடுக்கும், தட்டில் நின்ற தண்ணீரில் அது தானே செய்ய வேண்டியிருக்கிறது. தட்டில் அது தண்டால் எடுக்கத் தொடங்கிவிட்டால் சீக்கிரம் எண்ணி முடித்துத் திரும்ப ஓடையில் விட்டுவிடுங்கள்.

கேடிஸ்ஃப்ளையின் புழுதான் பிள்ளைகளுக்கு எப்போதும் பிடித்தது. பட்டு நூலை உமிழ்ந்து மணல் துகளையோ இலைத் துண்டையோ ஒட்டிக் கூடு கட்டிக்கொண்டு அதை இழுத்துக்கொண்டே நடக்கும். மணலால் நத்தை ஓடு போலவே சுருள் கூடு கட்டுகிற ஒரு வகை உண்டு, 1834இல் அதை ஒருவர் நத்தை என்றே நினைத்துப் பெயர் வைத்துவிட்டார், அவ்வளவு அச்சாக இருக்கும். கூடு கட்டாமல் கற்களுக்கு நடுவே சிலந்தி போல வலை கட்டி, தண்ணீரில் அடித்துவருவதை வடிகட்டித் தின்கிற குடும்பமும் இருக்கிறது, ஹைட்ரோப்சைக்கிடே. கல்லைத் தூக்கும்போது சேறு பிடித்த பஞ்சு மாதிரி ஏதோ ஒட்டியிருந்தால் பெரும்பாலும் அது இதன் வலைதான்.

இவை ஏன் அழுக்குத் தண்ணீரைத் தாங்குவதில்லை? விஷயம் பெரும்பாலும் மூச்சு. தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனை மெல்லிய செவுள் வழியாகவோ தோல் வழியாகவோதான் இவை எடுத்துக்கொள்கின்றன. 20 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் தண்ணீர் ஏறத்தாழ 9 மில்லிகிராம் ஆக்சிஜனைத்தான் பிடித்துவைத்திருக்கும், 30 டிகிரியில் ஏழரைதான். சாக்கடையோ சமையல் கழிவோ கலந்தால் அதை மக்கவைக்கும் பாக்டீரியாக்கள் இந்தக் கொஞ்சத்தையும் எடுத்துக்கொள்கின்றன. கரையோர மரத்தை வெட்டி நிழல் போனால் தண்ணீர் சூடாகி அதிலும் குறைகிறது. இதில் பகல், இரவு என்ற வித்தியாசமும் உண்டு. உரம் கலந்து பாசி மண்டிய ஓடையில் பகலில் பாசி ஆக்சிஜனை வெளிவிடுவதால் அளவு நன்றாகவே காட்டும், விடியற்காலையில் அதே இடத்தில் அடிமட்டத்துக்கு இறங்கியிருக்கும். பாட்டில் பிடிக்கிறவர்கள் விடியற்காலை நான்கு மணிக்குப் போவதில்லை. பூச்சி அந்த நான்கு மணியையும் பார்த்துத்தான் இருக்கிறது.

மறுபக்கம், மூச்சு முட்டுகிற இடத்திலும் வாழத் தெரிந்தவை. மீன் வளர்க்கிறவர்களுக்கு டியூபிஃபெக்ஸ் தெரியும், சென்னை கொளத்தூர் மீன் கடைகளில் சிவப்பு நூல் உருண்டை மாதிரி வைத்திருப்பார்களே, அது. சேற்றுக்குள் தலையை விட்டு, வாலை வெளியே நீட்டி ஆட்டிக்கொண்டே மூச்சு விடும். பிளட்வார்ம் என்று சொல்கிற சிவப்புப் புழு கைரோனோமிடே குடும்பத்தைச் சேர்ந்த கடிக்காத கொசு ஒன்றின் இளம்பருவம். இந்த இரண்டுக்கும் சிவப்பு நிறம் எங்கிருந்து வந்தது என்றால், நம் ரத்தத்தில் இருக்கிற அதே வகை ஹீமோகுளோபின். ஆக்சிஜன் கொஞ்சமாக இருந்தாலும் பிடித்துவைத்துக்கொள்ள முடிவது அதனால்தான். இன்னும் மோசமான இடத்தில் எலிவால் புழு இருக்கும், நீளமான குழாய் வாலை மேலே நீட்டி நேராகக் காற்றையே இழுத்துக்கொள்ளும், அதற்குத் தண்ணீரின் ஆக்சிஜனே தேவையில்லை.

இந்தக் கடைசி விஷயத்தில் நிறையப் பேர் தவறு செய்கிறார்கள். தண்ணீரின் மேல் ஓடுகிற பூச்சி, மேலே வந்து காற்றுக் குமிழியை எடுத்துக்கொண்டு உள்ளே போகிற நீர்வண்டு, நீர்த்தேள் இவற்றைப் பார்த்துவிட்டு "பூச்சி நிறைய இருக்கு, தண்ணி நல்லா இருக்கு" என்று சொல்லிவிடுகிறார்கள். அவை மூச்சு விடுவது காற்றில். தண்ணீரின் ஆக்சிஜனைப் பற்றி அவற்றால் ஒன்றும் சொல்ல முடியாது. அதேபோல ஒரு சிவப்புப் புழுவைப் பார்த்த உடனே ஓடை கெட்டுவிட்டது என்றும் முடிவுகட்டக் கூடாது. கைரோனோமிடே இல்லாத ஓடையே கிடையாது, நல்ல ஓடையிலும் இருக்கும், ஆனால் பத்தோடு பதினொன்றாக இருக்கும். மற்றதெல்லாம் காணாமல் போய் அது மட்டும் தட்டு நிறைய நெளிந்தால்தான் கவலைப்பட வேண்டும். எது இருக்கிறது என்பதைப் போலவே எது இருக்க வேண்டிய இடத்தில் இல்லை என்பதும் தகவல்தான், சொல்லப்போனால் அதுதான் பெரிய தகவல்.

இதைக் கணக்காக மாற்றும் முயற்சி நூறு வருடங்களுக்கு மேல் பழையது. ஜெர்மனியில் கோல்க்விட்ஸ், மார்சன் என்ற இருவர் 1908, 1909இல் எந்த உயிர் எந்த அளவு அழுகலைத் தாங்கும் என்று பட்டியல் போட்டார்கள், அதுதான் சாப்ரோபிக் முறை. பிரிட்டனில் 1976இல் அமைத்த ஒரு பணிக்குழு இன்னும் எளிதாக்கியது. இனம் வரைக்கும் போக வேண்டாம், குடும்பம் தெரிந்தால் போதும், ஒவ்வொரு குடும்பத்துக்கும் 1 முதல் 10 வரை ஒரு மதிப்பெண், அழுக்கைத் தாங்காத குடும்பத்துக்கு அதிகம். பி.எம்.டபிள்யூ.பி. மதிப்பெண் என்று அதற்குப் பெயர். நம் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் இதை இந்திய ஆறுகளுக்கு ஏற்றபடி மாற்றி, ஏ முதல் இ வரை ஐந்து தரங்கள், நீலம் முதல் சிவப்பு வரை நிறங்கள் என்று ஒரு முறையை வைத்திருக்கிறது. இது நம் அரசு அமைப்பே ஏற்றுக்கொண்ட முறை என்பது நிறையப் பேருக்குத் தெரியாது. பஞ்சாயத்தில் போய்ப் பேசும்போது இதைச் சொல்லலாம்.

கணக்கு எப்படிப் போகும் என்று பார்க்க ஒரு உதாரணம், நானே போட்டது. மேல் ஓடையில் ஒரு தட்டில் தட்டை மேஃப்ளை (10), செவுள் கிளைத்த லெப்டோஃப்ளெபிடே மேஃப்ளை (10), பெர்லிடே ஸ்டோன்ஃப்ளை (10), மணலில் புதைந்திருக்கும் காம்ஃபிடே தட்டான் (8), வலை கட்டும் கேடிஸ் (5), எல்மிடே வண்டு (5), கறுப்பு ஈயின் புழு (5), பீடிடே (4), கைரோனோமிடே (2) கிடைத்தன என்று வைத்துக்கொள்வோம். கூட்டினால் 59. ஒன்பது குடும்பங்களால் வகுத்தால் 6.6. கீழ் ஓடையில் வலை கட்டும் கேடிஸ் (5), பீடிடே (4), சிறு நத்தை (3), அட்டை (3), கைரோனோமிடே (2), டியூபிஃபெக்ஸ் வகைப் புழுக்கள் (1). மொத்தம் 18, சராசரி 3. தட்டில் தலைகளை மட்டும் எண்ணினால் கீழேதான் அதிகமாகக்கூட இருக்கும், ஏனென்றால் சாக்கடை சிலவற்றுக்குச் சாப்பாடு. பீடிடேவையும் தட்டை மேஃப்ளையையும் பிரித்துப் பார்க்கச் சொன்னது இதற்காகத்தான், இரண்டும் மேஃப்ளைதான், ஆனால் ஒன்றுக்கு 4, இன்னொன்றுக்கு 10. "மேஃப்ளை இருக்கிறது" என்று மட்டும் எழுதிவைத்தால் பாதி விஷயம் போய்விடும்.

பிள்ளைகளுக்கு இதைவிடப் பொருத்தமான ஒரு முறை இருக்கிறது, 1968இல் அமெரிக்காவில் கெய்ர்ன்ஸும் அவரோடு வேலை செய்தவர்களும் சொன்னது. எனக்கு இது ரொம்பப் பிடித்த முறை, ஏனென்றால் ஒரு பூச்சியின் பெயர்கூடத் தெரிய வேண்டியதில்லை. தட்டில் இருந்து கண்ணை மூடிக்கொண்டு எடுப்பது போல, தேர்ந்தெடுக்காமல் ஒவ்வொன்றாக எடுத்து வரிசையாக வையுங்கள். இப்போது எடுத்தது முன்னால் எடுத்ததைப் போலவே இருந்தால் பழைய கூட்டம் தொடர்கிறது. வேறு மாதிரி இருந்தால் புதுக் கூட்டம் ஒன்று ஆரம்பம். கடைசியில் கூட்டங்களின் எண்ணிக்கையை மொத்தப் பூச்சிகளின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும், அவ்வளவுதான். 50 பூச்சியில் 30 கூட்டம் என்றால் 0.6. பலவகை உயிர்கள் கலந்து வாழும் ஓடையில் அடுத்தடுத்து வருவது வேறு வேறாகவே இருக்கும், எண் 1க்கு அருகில் போகும். ஒரே வகைப் புழு மட்டும் பெருகிய ஓடையில் அதே புழு திரும்பத் திரும்ப வரும், எண் 0 பக்கம் இறங்கும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் முறையிலும் பல்வகைமை மதிப்பெண் என்று இதே கணக்குதான் சேர்ந்திருக்கிறது. எட்டாம் வகுப்பு மாணவியால் இதைச் செய்ய முடியும், செய்து நான் பார்த்திருக்கிறேன், பெரியவர்களைவிட அவர்கள் கண் கூர்மை. "இதுவும் அதுவும் ஒன்னு இல்ல சார், இதுக்கு வால் மூணு" என்று அவர்களே சண்டை போட்டுப் பிரிப்பார்கள்.

பிடிக்கும் விதம். தண்ணீர் கூழாங்கற்களின் மேல் சலசலத்து ஓடுகிற, முழங்காலுக்குக் கீழ் ஆழமுள்ள இடம் வேண்டும். ஆழமான மடுவில் வேண்டாம். ஒருவர் நீரோட்டத்துக்கு எதிர்முகமாக வலையைத் தரையோடு ஒட்டிப் பிடிக்க, இன்னொருவர் வலைக்கு மேல்பக்கம் நின்று கற்களைக் காலால் கிளறிவிட வேண்டும், பெரிய கற்களைக் கையால் தேய்த்துக் கழுவிவிட வேண்டும். கிளம்புகிற எல்லாவற்றையும் தண்ணீரே வலைக்குள் தள்ளிவிடும். பிரிட்டனில் இப்படி மூன்று நிமிடம் கிளறுவதுதான் வழக்கம். நீங்கள் மூன்று இடங்களில் ஒவ்வொரு நிமிடம் செய்யலாம், ஒரே இடத்தை மட்டும் நம்ப வேண்டாம். விலை கொடுத்து வலை வாங்க வேண்டியதில்லை, இரண்டு கம்புக்கு நடுவே கொசு வலையைக் கட்டினால் போதும். வெள்ளை பிளாஸ்டிக் தட்டு, பழைய பெயின்ட் பிரஷ், டீ வடிகட்டி, ஒரு பூதக்கண்ணாடி. இதற்கு மேல் ஒன்றும் வேண்டாம். முக்கியமானது, எல்லா இடத்திலும் ஒரே அளவு நேரம், ஒரே வலை, ஒரே மாதிரியான கல்தரை. ஒரு இடத்தில் கூழாங்கல், இன்னொரு இடத்தில் மணல் என்று எடுத்து ஒப்பிட்டால் நீங்கள் அளப்பது தண்ணீரை அல்ல, தரையை. மணல் புரண்டுகொண்டே இருக்கும், ஒட்டிக்கொள்ள இடம் கிடையாது, சுத்தமான தண்ணீரிலும் மணல்தரையில் பூச்சி குறைவாகத்தான் இருக்கும். வழுவழுப் பாறையும் அப்படித்தான்.

காலம் தப்பினால் எல்லாம் தப்பும். பல வருடங்களுக்கு முன் நவம்பர் கடைசியில், மழை விட்ட நான்காவது நாள், ஒரு மலையோடையில் வலை போட்டு ஏறத்தாழ ஒன்றுமே கிடைக்காமல், மேலே இருந்த தோட்டத்தில் இருந்து மருந்து கலந்துவிட்டது என்று எழுதிக்கொடுத்துவிட்டேன். பிப்ரவரியில் திரும்பப் போனபோது அதே கற்களில் தட்டை மேஃப்ளைகள் அப்பிக்கொண்டிருந்தன. வெள்ளம் கற்களையே உருட்டிக்கொண்டு போயிருந்தது, பூச்சிகள் எப்படித் தங்கும்? அந்த அறிக்கையைத் திரும்பப் பெற்றேன், தோட்டக்காரரிடம் நேரில் போய்ச் சொன்னேன். அதற்குப் பிறகு பெரிய வெள்ளம் முடிந்து நான்கைந்து வாரமாவது ஆகாமல் நான் வலையைத் தொடுவதில்லை. நம் கிழக்குச் சரிவு ஓடைகளுக்கு வடகிழக்குப் பருவமழை அடங்கிய பின், ஜனவரியில் இருந்து மார்ச் வரை நல்ல காலம். ஏப்ரல், மே வந்தால் ஓடை சுருங்கித் தண்ணீர் சூடாகிவிடும், அப்போது குறைவது மாசினாலா வறட்சியினாலா என்று பிரிக்க முடியாது.

இன்னொரு விஷயம், வெளிநாட்டுப் பட்டியலை அப்படியே இங்கே கொண்டுவந்து பொருத்துவதைப் பற்றி. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஸ்டோன்ஃப்ளை ஏராளமான வகைகள், குளிர்ந்த தண்ணீரை விரும்புகிற கூட்டம் அது. தென்னிந்திய ஓடைகளில் பெரும்பாலும் நியோபெர்லா என்ற ஒரே பேரினம்தான் கண்ணில் படும். அதனால் "ஸ்டோன்ஃப்ளை ஒன்றுதான் கிடைத்தது" என்பது இங்கே குறை கிடையாது, மலையின் இயல்பே அதுதான். நமக்குப் பலம் மேஃப்ளையிலும் கேடிஸிலும் இருக்கிறது. குற்றாலத்தின் பெயரையே தாங்கிய மேஃப்ளை ஒன்று உண்டு, பீட்டர்சூலா கோர்ட்டாலென்சிஸ், மதுரையில் மேஃப்ளை ஆராய்ச்சிக்கு அடித்தளம் போட்ட கே.ஜி. சிவராமகிருஷ்ணன் 1984இல் உலகத்துக்கு அறிமுகப்படுத்தியது. மேற்குத் தொடர்ச்சி மலை அருவிகளில் வயிற்றில் ஆறு உறிஞ்சிகளோடு பாறையில் ஒட்டி வாழும் ஒரு ஈயின் புழுவும் இருக்கிறது, சீறிப் பாயும் சுத்தத் தண்ணீரைத் தவிர வேறு எங்கும் இருக்காது. அதைப் பார்க்கிற நாள் நல்ல நாள். குற்றாலம் மாதிரியான அருவிகளில் எண்ணெய், சோப்பு, ஷாம்பூ கூடாது என்று தடை வந்தபோது பலருக்கு அது வெறும் கெடுபிடியாகத் தெரிந்தது. சோப்பும் எண்ணெயும் செவுளின் மேல் படிந்தால் என்ன ஆகும் என்று யோசித்தால் அப்படித் தெரியாது.

வெப்பநாட்டு ஓடைக்கு வேறு ஒரு வித்தியாசமும் உண்டு. குளிர்நாட்டில் பல பூச்சிகளுக்கு வருடத்துக்கு ஒரு தலைமுறைதான், அதனால் அங்கே ஒரு விபத்தின் தழும்பு நெடுநாள் தெரியும். இங்கே வெதுவெதுப்பில் வளர்ச்சி வேகம், பல வகைகள் வருடத்தில் பல தலைமுறை எடுக்கும், மேல் ஓடையில் இருந்து மிதந்து வருபவையும் பறந்து வந்து முட்டையிடுபவையும் சேர்ந்து சில வாரங்களிலேயே இடத்தை நிரப்பிவிடும். ஆகவே ஒருமுறை பார்த்தால் போதாது, இரண்டு மாதத்துக்கு ஒருமுறையாவது பார்க்க வேண்டும். இதை வேறு மாதிரியும் படிக்கலாம்: இவ்வளவு வேகமாக மீளக்கூடிய ஓடையில், வெள்ளம் இல்லாத காலத்தில், தொடர்ந்து கல் காலியாகவே இருக்கிறது என்றால், கெடுதல் ஒருநாள் சம்பவமாக இருக்க வாய்ப்புக் குறைவு, திரும்பத் திரும்ப நடக்கிறது.

இப்போது உங்கள் ஓடைக்கு வருகிறேன். தெளிவான தண்ணீர், நல்ல லேப் அறிக்கை, காலியான கற்கள். சாக்கடை கலந்திருந்தால் பி.ஓ.டி. காட்டியிருக்கும், அதோடு சிவப்புப் புழுவும் அட்டையுமாவது இருந்திருக்கும். எல்லாமே இல்லை என்றால் எனக்கு முதலில் சந்தேகம் வருவது நஞ்சின் மேல்தான். மலையோடைகளில் மீன் பிடிக்க பிளீச்சிங் பவுடரைக் கரைத்து விடுகிற பழக்கம் இன்னும் போகவில்லை. குளோரின் சில மணி நேரத்தில் போய்விடும், மறுநாள் பாட்டில் பிடித்தால் லேபில் ஒன்றும் தெரியாது, ஆனால் அது போன வழியில் செவுள் உள்ளது எதுவும் மிஞ்சாது. இரண்டாவது பூச்சிமருந்து. வழக்கமான தண்ணீர்ப் பரிசோதனையில் பூச்சிமருந்தைத் தேடுவதே இல்லை, தனியாகக் கேட்டுப் பணம் கட்டினால்தான் பார்ப்பார்கள். செயற்கை பைரித்ராய்டு வகை மருந்துகள் ஒரு லிட்டரில் ஒரு மைக்ரோகிராமுக்குக் குறைவாக இருந்தாலே மேஃப்ளைகளைக் கொல்லும். பூச்சியைக் கொல்லச் செய்த மருந்துதானே, ஓடைப் பூச்சி என்று அது பிரித்துப் பார்க்காது.

இதற்கு இங்கிலாந்தில் ஒரு நடந்த சாட்சி இருக்கிறது. 2013 ஜூலை தொடக்கம், கென்னட் ஆறு, மார்ல்பரோ ஊர்ப்பக்கம். அங்கே தூண்டில்காரர்களும் ஊர்மக்களும் 2007இல் தொடங்கிய ஒரு திட்டத்தின்படி குறிப்பிட்ட இடங்களில் தொடர்ந்து வலை போட்டு ஆற்றுப் பூச்சிகளை எண்ணி வருகிறார்கள். சம்பளம் இல்லாத தன்னார்வலர்கள். அப்படி ஒருநாள் வலையைத் தூக்கியபோது அதில் இருந்த நன்னீர்க் கூனிகளும் பூச்சிகளும் செத்துக் கிடந்தன. தண்ணீர் தெளிவு, மீன்கள் வழக்கம்போல நீந்திக்கொண்டிருந்தன, பாலத்தில் நின்று பார்க்கிறவருக்கு ஒரு மாற்றமும் தெரிந்திருக்காது. பரிசோதித்ததில் குளோர்பைரிபாஸ், நம் ஊரில் கரையானுக்கு அடிக்கிற அதே மருந்து, கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் வழியாக ஆற்றில் இறங்கியிருந்தது. சில டீஸ்பூன் அளவு மருந்துதான் இருந்திருக்கும் என்று கணித்தார்கள். ஏறத்தாழ 15 கிலோமீட்டர் நீளத்துக்கு அடித்தள உயிர்கள் அழிந்திருந்தன. அந்தத் தன்னார்வலர்கள் அதற்கு முந்தைய மாதங்களிலும் எண்ணி எழுதி வைத்திருந்ததால்தான் "இது இயல்பு இல்லை" என்று உடனே சொல்ல முடிந்தது. எழுதிவைத்த பழைய கணக்கு இல்லாவிட்டால் நம் ஊர்ப் பெரியவர்கள் சொல்வது போல "முன்னாடி இருந்துச்சு" என்பதோடு நின்றுபோகும், அதை யாரும் ஏற்கமாட்டார்கள்.

மூன்றாவது காரணமும் உண்டு, நஞ்சே இல்லாமல். மேலே சாலை வெட்டியிருந்தால், சரிவில் புதுத் தோட்டம் போட்டிருந்தால், வண்டல் இறங்கிக் கற்களுக்கு இடையிலான சந்துகளை அடைத்துவிடும். அந்தச் சந்துகள்தான் இவற்றின் வீடு. தண்ணீர் பிறகு தெளிந்துவிடும், வீடு திரும்ப வராது. இதைக் கண்டுபிடிக்க லேப் வேண்டாம், கல்லைத் தூக்கும்போது பழுப்பு மேகம் போலச் சேறு கிளம்பினால், கல் பாதி புதைந்து இருந்தால், அதுதான்.

ஒன்றை மட்டும் பிள்ளைகளிடமும் பெற்றோரிடமும் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்: தட்டை மேஃப்ளை இருக்கிறது என்பதால் அந்தத் தண்ணீரைக் குடிக்கலாம் என்று அர்த்தம் இல்லை. மலக்கிருமியோ புளோரைடோ இருக்கிறதா என்று பூச்சி சொல்லாது. அருமையான காட்டோடையில்கூட மேலே மாடு நின்றிருந்தால் வயிற்றுப்போக்கு வரும். குடிநீருக்கு லேப் பரிசோதனைதான் வழி, ஓடை உயிரோடு இருக்கிறதா என்பதற்குப் பூச்சி. ஒன்றின் வேலையை இன்னொன்று செய்யாது.

பாதுகாப்பு: மேலே மலையில் மேகம் கட்டியிருந்தால் ஓடையில் இறங்கவே வேண்டாம், கீழே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே காட்டாறு வந்துவிடும். பிள்ளைகளுக்குச் செருப்பு கட்டாயம், உடைந்த பாட்டில்கள் எல்லா ஓடையிலும் கிடக்கின்றன. காலில் புண் இருக்கிற பிள்ளை கரையில் உட்கார்ந்து எழுதட்டும். காப்புக்காட்டு எல்லைக்குள் போகிறீர்கள் என்றால் வனத்துறையிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். எண்ணி முடித்ததும் எல்லாவற்றையும் உயிரோடு அதே இடத்தில் விடவேண்டும், புரட்டிய கல்லை அதே முகம் மேலே இருக்கும்படி திரும்ப வைக்க வேண்டும். கல்லின் மேல்பக்கம் பாசி மேய்கிற உயிர்கள், அடிப்பக்கம் இருட்டில் ஒளிகிற உயிர்கள், தலைகீழாக வைத்தால் இரண்டும் போகும்.

முதல் வேலையாக ஜனவரி கடைசியில் இரண்டு இடங்களைத் தேர்ந்தெடுங்கள். ஒன்று பள்ளிக்குப் பின்னால். இன்னொன்று கடைசி வீட்டுக்கும் கடைசித் தோட்டத்துக்கும் மேலே, மனித வேலை ஒன்றும் படாத இடம். இரண்டிலும் ஒரே மாதிரிக் கற்கள், ஒரே அளவு வேகம் இருக்க வேண்டும். ஒரே நாளில் இரண்டிலும் வலை போட்டு, வரிசை வைத்து எண்ணும் முறையில் 50 உயிர்களாவது எண்ணி எழுதுங்கள், தட்டைப் போட்டோ எடுத்து வையுங்கள். இரண்டிலும் ஒரே மாதிரி காலியாக இருந்தால் காரணம் வெள்ளமோ தரையோ என்று மறுபடி யோசிக்க வேண்டும். மேலே தட்டை மேஃப்ளை இருந்து கீழே இல்லை என்றால் காரணம் அந்த இரண்டு இடங்களுக்கு நடுவேதான் இருக்கிறது. அப்புறம் நடுவில் மூன்றாவதாக ஓர் இடம், அங்கே இருந்தால் அதற்கும் கீழே, இல்லையென்றால் அதற்கும் மேலே என்று பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டே போங்கள். நான்கைந்து முறை வலை போட்டால் நூறு மீட்டருக்குள் வந்துவிடலாம். அந்த நூறு மீட்டரைக் கரையோரமாக நடந்து, ஓடைக்குள் வருகிற ஒவ்வொரு குழாயையும், வாய்க்காலையும், மருந்து டப்பா கழுவுகிற இடத்தையும் பிள்ளைகளை வைத்தே வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள், பூச்சிமருந்துப் பரிசோதனைக்கு எந்த இடத்துத் தண்ணீரை எடுக்க வேண்டும் என்பது அதில் தெரிந்துவிடும்.